மூட்டை உட்காரும் இடம்

“கையை விட்டவன் உன் புருசன்! மேடையே பார்த்துச்சு, லாரிக்காரனுங்க பார்த்தானுங்க, நீ ஒருத்திதான் பார்க்கலையா?”

“பார்த்தேன்டி! உன் புருசன் ‘விடு’ன்னான், என் புருசன் விட்டான். பத்தொம்பது வருசமா அப்படித்தான் விடுறான். உன் புருசனுக்கு வாய் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் போனா அதுக்கு நாங்களா பொறுப்பு?”

“உன் நாக்கு அழுவிப் போவும்!”

“போவட்டும். சோறு திங்க உன் வூட்டுக்கு வரமாட்டேன்!”

மணி ஐந்துகூட ஆகவில்லை. அரியலூருக்கு வடக்கேயிருந்த அந்த சிமெண்ட் ஆலையின் சரக்கு மேடையில் விளக்குகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொடி மிதந்தது. பஞ்சவர்ணமும் வீராயியும் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு நேருக்கு நேர் நின்றார்கள். கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டுகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுவது இருவரின் வேலை. அன்று கூட்டியது குறைவு, கிளப்பியது அதிகம்.

சண்டைக்காக மூட்டைகள் நிற்கவில்லை. எந்திரத்திலிருந்து சுடச்சுட இறங்கும் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கி, பலகையில் ஏறி, லாரிக்குள் அடுக்கிவிட்டு ஓடிவர வேண்டும். மூக்கை மறைத்த துண்டு, கழுத்திலும் கையிலும் தேங்காயெண்ணெய், அதற்குமேல் வியர்வையும் சிமெண்டும் சேர்ந்த ஒரு பற்று. ஆறு மணிக்குள் எல்லாருடைய இமையும் நரைத்துவிடும். இருபது வயதுக்காரனையும் ஐம்பது வயதுக்காரனையும் பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கிக்கொண்டே எல்லாரும் காதை மட்டும் சண்டைப் பக்கம் வைத்திருந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் திறமை பிறவியிலேயே உண்டு.

இந்த இருவரும் சண்டை போடுவார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். பஞ்சவர்ணத்தின் புருசன் தர்மனும் வீராயியின் புருசன் ஆண்டவரும் மேடையில் ஒரு ஜோடி. ஜோடி என்றால் சும்மா இல்லை. ஒருவன் அடுக்கிலிருந்து தூக்கிவிட வேண்டும், மற்றவன் தோளில் வாங்க வேண்டும். கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது, அதில்தான் மூட்டை உட்கார வேண்டும். உட்கார்ந்ததா இல்லையா என்று தூக்கிவிடுகிறவனுக்குத் தெரியாது. சுமக்கிறவனின் தோளுக்குத்தான் தெரியும். அவன் “விடு” என்பான், இவன் கையை எடுப்பான். ஒரு ஜோடி சேர்ந்து படிய வருசக்கணக்காகும். இந்த ஜோடி படிந்த விதத்தில் பெண்டாட்டிகளும் படிந்து, ஒரே சோப்பை இரண்டாக அறுத்து இருவரும் பயன்படுத்தினார்கள் என்பது தெருவே அறிந்த விசயம்.

நான்கு நாளைக்கு முன், விடியலில், முப்பத்தோராவது மூட்டைக்குத் தர்மன் “விடு” என்றான். ஆண்டவர் விட்டார். மூட்டை குழியில் இல்லை, தோள்முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையில் இரண்டடி வைத்ததும் சரிந்தது. சரிந்ததைத் தர்மன் அதே கையால் பிடிக்கப் போனான். உள்ளே பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஏதோ கிழிந்தது. மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, தர்மன் ஒரு பக்கம் விழுந்தான். பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: அவன் அலறவில்லை. எழுந்து உட்கார்ந்து, தொங்குகிற வலது கையை அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“என்னம்மா இது, காலங்காத்தால கச்சேரி?”

ஒப்பந்தக்காரர் முத்தமிழ்செல்வன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. அந்த மேடையில் வெள்ளையாக இருந்த ஒரே ஜீவன். டவுனில் எந்தப் பட்டிமன்றம் நடந்தாலும் நடுவர் நாற்காலி அவருக்குத்தான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் உடனே தீர்ப்புச் சொன்னார்.

“பஞ்சவர்ணம் தங்கச்சி சொல்றதுல நியாயம் இருக்கு. தூக்கி விடுறவன் கவனமா இருந்திருக்கணும். ஆண்டவர், நீ இனிமே மேடைக்கு வர வேண்டாம்ப்பா.”

ஆண்டவர் துண்டை அவிழ்த்து உதறினார். “சார், அவன் ‘விடு’ன்னான்.”

“சொன்னா? உனக்குக் கண்ணு இல்லையா?”

“மூட்டைக்கு அடியில நிக்கிறவன் சொன்னாத்தான் சார் விடுவோம். கண்ணால பாத்து விட்டா எவன் தோளும் மிஞ்சாது.”

“எனக்கே பாடம் எடுக்காதே.” முத்தமிழ்செல்வன் பஞ்சவர்ணத்தைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். “தங்கச்சி, தர்மன்கிட்ட இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. ஜோடிக்காரன் அஜாக்கிரதையால நடந்த விபத்துன்னு இருக்கும். வந்ததும் திருச்சியில பெரிய ஆசுபத்திரியில வச்சு ஆபரேசன் பண்ணிக் குடுக்கறேன். அப்புறம் கேட்டுல உக்கார்ற வேலை. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்க.”

பஞ்சவர்ணம் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீராயி பக்கம் திரும்பாமலேயே வீட்டுக்கு நடந்தாள். ஜெயித்தவள் மாதிரி நடந்தாள் என்று தெருவில் சொன்னார்கள். ஜெயித்தவள் அத்தனை வேகமாக நடப்பாளா என்று யாரும் யோசிக்கவில்லை.

அவளுக்கு உள்ளே ஒன்று குத்திக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள, தர்மன் விழுந்ததற்கும் ஒரு நாள் பின்னே போக வேண்டும்.

தர்மனுக்கு மூன்று வருசமாக அந்தத் தோளில் வலி. தலை சீவ முடியாது, சட்டை மாட்ட முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மூட்டை தூக்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வான். மேடையில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். மாத்திரை, தைலம், பற்று, வேப்பந்தட்டைப் பக்கம் ஒருவர் போடும் கட்டு என்று எல்லாம் ஆனது. அப்போதுதான் பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்டர் ஃபர்ஹா வலிக்கென்றே ஒரு கிளினிக் திறந்தார். லப்பைகுடிக்காட்டுப் பெண். அப்பா அப்துல் சுக்கூர் துபாயில் இருபத்திரண்டு வருசம் உழைத்து, மகளுக்கு நகை போடாமல் ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி அவருடைய ஊரில் பேசாத வாயில்லை.

வலிக்கு அங்கே ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட முத்தமிழ்செல்வன், தன் செலவிலேயே ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார். எட்டுப் பேர் போய் வந்தார்கள். வள்ளல் என்று பேரும் கிடைத்தது. ஒன்பதாவது தர்மன். கூடப் போனவள் பஞ்சவர்ணம்.

டாக்டர் தோள்பட்டையின் பின்பக்கம் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் மழை மேகம்போல ஏதோ அசைந்தது. “இந்த எலும்புல ஒரு பள்ளம் தெரியுதா? அது வழியாத்தான் தோளுக்குப் போற நரம்பு போவுது. ஊசி அதுமேல படாம பக்கத்துல போயி மருந்தை விடணும். அதுக்குத்தான் பாத்துப் போடுறது.” மேகத்துக்குள் ஒரு வெள்ளிக்கோடு சாய்வாக நுழைந்தது. பஞ்சவர்ணம் கண்ணை மூடவில்லை. தன் புருசனின் உள்ளே இத்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப மரத்துப் போவும். பலமும் கொறைவா இருக்கும். நாளைக்குச் சாயந்தரம் வரை இந்தக் கையால சோறுகூட அள்ளாதீங்க” என்றார் டாக்டர். “உள்ள சதைநார் பாதி பிஞ்சிருக்கு. ஊசி வலியைத்தான் எடுக்கும், பிஞ்சதை ஒட்ட வைக்காது. வலியில்லாத நேரத்துல நான் சொல்ற பயிற்சியைச் செய்யணும். ஆறு வாரம் மூட்டைப் பக்கமே போவக் கூடாது. கேட்டீங்களாம்மா?”

“கேட்டேங்க.”

எழுதிக் கொடுத்த சீட்டை, கூட வந்து வெளியே நின்ற ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி அமாவாசை, “ஆபீசுல குடுக்கணும்” என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் தர்மன் வலது தோளை ஜன்னல் கம்பியில் சாய்த்துத் தூங்கினான். மூன்று வருசத்தில் முதல் முறை. இறங்கும்போது அமாவாசை சொன்னார்: “நாளைக்கு விடியல்ல நாப்பது லாரி நிக்குது. தர்மன் வரலைன்னா ஒப்பந்தக்காரரு ஜோடியைப் பிரிச்சு உதிரி ஆளுல போடச் சொல்லியிருக்காரு.” உதிரி ஆள் என்றால் கேட்டுக்கு வெளியே நின்று, கூப்பிடுவார்களா என்று நாள் முழுக்கப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மூன்றரைக்குப் பஞ்சவர்ணம்தான் அவனைத் தட்டி எழுப்பினாள். தர்மன் புது மாப்பிள்ளைபோலச் சிரித்தான். “தோளு இருக்கிற இடமே தெரியல பஞ்சு!”

இருக்கிற இடம் தெரியாத தோளுக்கு மூட்டை உட்கார்ந்த இடம் மட்டும் எப்படித் தெரியும்?

இப்போது அந்தத் தாளை அவள் தர்மன் முன்னால் விரித்தாள். அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மருந்தின் வேகம் முழுக்க இறங்கிவிட்டதால் வலி பழைய பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது.

“இடது கையால ஒரு கோடு போடுய்யா, போதும்.”

“நான்தானே ‘விடு’ன்னு சொன்னேன்.”

“சொன்னியான்னு யாரு உன்னக் கேட்டா? கை வேணுமா, ஆண்டவர் வேணுமா?”

“ரெண்டும் வேணும்” என்றான் தர்மன். “நீயும்தானே கூட வந்த. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டான்.

பஞ்சவர்ணம் பாத்திரங்களை எடுத்துப் போட்டு, கழுவியதையே மறுபடி கழுவினாள். பத்து மணி பஸ்ஸில் அவள் பெரம்பலூர் போனதைத் தெருவில் நான்கு பேர் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொண்டு ரஞ்சன்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மாலைக்குள் அந்த நான்கு பேரும் முடிவு செய்துவிட்டார்கள்.

பஞ்சவர்ணம் நடந்ததைச் சொன்னதும் ஃபர்ஹா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மறுநாள் காலையிலயா? நான் சீட்டு எழுதிக் குடுத்தேனேம்மா!”

“மேஸ்திரி வாங்கிட்டாரு.”

“அந்த எட்டுப் பேரு?”

“அவங்களும் மறுநாளே தூக்கினாங்க. வலி தெரியாம நல்லாத் தூக்குறாங்கன்னு ஆபீசுல சந்தோசம்.”

டாக்டர் தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். “யா அல்லாஹ்… மூட்டை தூக்க வைக்கிறதுக்கா நான் ஊசி போட்டேன்? எட்டுப் பேரை வரிசையா அனுப்பும்போதே நான் கேட்டிருக்கணும்.” உட்கார்ந்து, ஒன்பது பேரின் பெயரையும் நாளையும் சொல்லியிருந்த அறிவுரையையும் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். “யாரு கேட்டாலும், எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்.” பிறகு, “நீங்க ஏம்மா அவரை அனுப்புனீங்க?” என்றார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதுதான் பஞ்சவர்ணத்தால் தாங்க முடியவில்லை. ஒப்பந்தக்காரரின் தாளை அங்கேயே நாலாகக் கிழித்து டாக்டரின் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் எந்திரம் ஓட ஆரம்பித்ததும், பஞ்சவர்ணம் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு லாரிக்குப் போகும் பலகையின் மேல் ஏறி நின்றாள். மூட்டையோடு வந்தவன் நின்றான். அவன் பின்னால் வந்தவனும் நின்றான். அந்த மேடையில் ஒரு பொம்பளை பலகை ஏறி யாரும் பார்த்ததில்லை.

“எல்லாரும் கேளுங்க. ஆண்டவர் அண்ணன் மேல தப்பு இல்ல. ஆறு வாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மறுநாள் நான்தான் எழுப்பி அனுப்புனேன். அண்ணன் மேல பழியப் போட்டா என் மேல வுழாதுன்னு பார்த்தேன். போதுமா?”

கேட்டுக்கு வெளியே ஆண்டவர் நின்றுகொண்டிருந்தார். வீராயி கூட்டுவதை நிறுத்தவில்லை. “இதச் சொல்ல உனக்கு அஞ்சு நாளா?” என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சவர்ணம் டாக்டரின் கடிதத்தை நீட்டினாள். படிக்கத் தெரிந்தவன் சத்தமாகப் படித்தான். பெயர் வர வர ஒவ்வொருவனும் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். ஊசி போட்டுக்கொண்ட எட்டுப் பேரில் மூன்று பேருக்கு இப்போது கை மார்புக்கு மேல் எழவில்லை. முதுமை என்று நினைத்திருந்தார்கள். அதில் ஒருவனுக்கு வயது முப்பத்து நான்கு.

“சீட்டு எங்க மேஸ்திரி?” என்று அந்த முப்பத்து நான்கு கேட்டான். அமாவாசை எந்திரத்தில் ஏதோ சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொண்டார்.

முத்தமிழ்செல்வன் ஓடிவந்தார். வெள்ளைச் செருப்பைக்கூட அன்று பார்க்கவில்லை.

“ஏன் லோடு நிக்குது?”

“ஒன்பது பேருக்கு ஆறு வாரம் லேசான வேலை குடுங்க சார். ஜோடியைப் பிரிக்காதீங்க. தர்மனுக்கு வைத்தியம் பாருங்க. ஆண்டவரை உள்ள விடுங்க” என்றான் அந்த முப்பத்து நான்கு.

“ஊசி போட்டது நானா? டாக்டரைக் கேளுங்க.”

“ஊசியில தப்பில்ல சார். போட்ட மறுநாள் தூக்கச் சொன்னது யாரு?”

“நான் யாரு கையையாவது பிடிச்சு இழுத்துட்டு வந்தேனா? அவனவன் காலால வந்தான்.”

“இப்பவும் எங்க காலாலதான் சார் உக்கார்றோம்.”

முதலில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். அவர்களின் ஜோடிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். எல்லாரும் உட்கார அதிக நேரம் ஆகவில்லை. நிறுத்த ஆளில்லாமல் எந்திரம் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெடித்தன. அன்று மட்டும் அதைக் கூட்ட யாரும் எழவில்லை. வீராயி தன் கூடையை நகர்த்தி வைத்தாள், இன்னொருத்தி உட்கார இடம் இருக்கிற மாதிரி. பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். 

மூன்றாம் நாள் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து மாற்று ஆட்களாக ஒரு வேனில் பதினான்கு பேர் கேட்டில் வந்து இறங்கினார்கள். அந்த வருசம் பருத்தியில் ஒன்றும் தேறாத மானாவாரிக்காரர்கள். கல்லெறி விழும் என்று போலீஸ்கூட வந்திருந்தது. கட்டுப்போட்ட கையோடு கேட்டு வாசலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்த தர்மன் எழுந்துபோய்த் துண்டை எடுத்துத் தோளைக் காட்டினான். பள்ளமாக இறங்கிப்போன தோள்.

“தூக்குறதுன்னா தூக்குங்கப்பா, நாங்க மறிக்கல. பாத்துட்டுத் தூக்குங்க” என்றார் ஆண்டவர்.

ஆறு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். ஏழு பேர் வேனிலேயே திரும்பினார்கள். சிங்காரவேலு என்ற ஒருவன் மட்டும் ஆண்டவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கொள்கைக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். வேனில் வரும்போது வாந்தி, திரும்ப ஏறப் பயம். ஆனால் உட்கார்ந்தவன் மறுநாளும் வந்து உட்கார்ந்தான். அதற்கு என்ன காரணம் என்பது பிறகு தெரிந்தது.

பதினேழு நாள் ஓடியது. தொழிலாளர் அதிகாரி மூன்று முறை பேச்சுக்குக் கூப்பிட்டார். முத்தமிழ்செல்வன் மூன்று முறையும் வரவில்லை. கடைசியில் ஆலைக்காரர்கள் அவரை நெருக்க, ஆண்டவர் உட்பட எல்லாரும் மேடையேறினார்கள். தாளில் ஒரு வரிகூட எழுதி வாங்க முடியவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவன் ஆறு வாரம் இறங்கி நின்றால், மற்ற ஜோடிகளிலிருந்து முறைவைத்து ஓர் ஆள் அவன் இடத்தில் நிற்பது என்று தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். முத்தமிழ்செல்வன் தினமும் கத்துகிறார். இவர்கள் தினமும் நிற்கிறார்கள். தர்மனின் கைக்கான வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் நாரைத் தைத்தார்கள், தாமதம் என்றார்கள். கை நெஞ்சு வரை வருகிறது.

அமாவாசை குடும்பத்தோடு திருமானூர்ப் பக்கம் போய்விட்டார். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டுகிறாராம், அங்கே யார் சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறாரோ. டாக்டர் ஃபர்ஹாவுக்கு ஷார்ஜா மாப்பிள்ளையோடு நிக்காஹ் ஆனது. போவதற்கு இரண்டு நாள் முன்பு கோர்ட்டுக்கு வந்து, மருதாணிக் கையோடு கூண்டில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

ஆண்டவரின் மகள் மணிமொழிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சிங்காரவேலு. அந்தப் பதினேழு நாளும் உட்கார்ந்தவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் மணிமொழிதான் என்பதை இப்போது சொன்னால் போதும். வேலையைப் பிடுங்க வந்தவன் பெண்ணைக் கொண்டு போனான் என்று தெருவே பேசியது. சீர்வரிசைத் தட்டை யார் முன்னால் தூக்குவது என்று பஞ்சவர்ணமும் வீராயியும் மண்டப வாசலிலேயே ஒரு சண்டை போட்டார்கள்.

தாலி கட்டும் நேரம் தர்மன் இடது கையால் அட்சதை போட்டான். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, “இடது கையாலயா…” என்று ஆரம்பித்தாள். மண்டபத்தில் இருந்த மேடையின் இருபத்திரண்டு மூட்டை ஜோடிகளும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்புறம், ஒருவர் பின் ஒருவராக, எல்லாருமே இடது கையால் அட்சதை போட்டார்கள். மணமக்கள் மறுநாளே மேடைக்குப் பக்கத்துத் தெருவில் குடிவந்தார்கள்.